சிவித்தா தி பான்யோரேஜோ: வழி தேய்ந்த மலையூரின் வரலாறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் நடுப்பகுதியில், தனித்து நிற்கும் ஒரு பாறையின் தலைமேல் ஒரு கிராமம் இருக்கிறது. நாலு பக்கமும் பள்ளம். ஒரு நீண்ட நடைபாலம் மட்டும் அதை வெளியுலகத்தோடு கட்டிவைத்திருக்கிறது. அதன் படத்தைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், படித்தும் பார்த்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பாறை சரிவதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஊருக்குப் போகும் வழி எப்படித் தேய்ந்தது என்று கேட்பவர்கள் குறைவு. இந்த ஊரின் கதை அந்த வழியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

இந்த ஊர் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

லாட்சியோ மாநிலத்தின் வடக்கு மூலையில், வித்தெர்போ மாவட்டத்தில் இருக்கிறது. ரோமிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 440 மீட்டர் உயரம். உயரம் என்று பார்த்தால் பெரிதில்லை. சுற்றியுள்ள நிலம் முழுக்கக் கரைந்துபோய் இந்தத் துண்டு மட்டும் மிஞ்சியதால்தான் அது வானத்தில் தொங்குவதுபோலத் தெரிகிறது. ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடம் ஆகாது. ஆண்டு முழுக்க அங்கேயே குடியிருப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான்.

சிவித்தா, பான்யோரேஜோ இரண்டும் ஒரே ஊரா?

ஒரு காலத்தில் ஒன்று. இன்றைக்குப் பான்யோரேஜோ என்பது பாலத்தின் இந்தப் பக்கம் இருக்கும் சிறு நகரம். நகராட்சி, பள்ளிக்கூடம், கடைவீதி எல்லாம் அங்கேதான். சிவித்தா என்பது பாறைமேல் இருக்கும் பழைய ஊர். நிர்வாகத்தில் அது பான்யோரேஜோ நகராட்சியைச் சேர்ந்தது.

பழைய நாளில் நிலைமை தலைகீழ். சிவித்தாதான் தலைநகர். ஆயரின் (பிஷப்பின்) தேவாலயமும் அரண்மனையும் பணக்காரக் குடும்பங்களின் மாளிகைகளும் அங்கேதான் இருந்தன. இன்று பான்யோரேஜோ என்று அழைக்கப்படும் பகுதிக்கு அப்போது ரோத்தா என்று பெயர். அது புறநகர்ப் பேட்டை. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலமுகடு இருந்தது. மக்கள் அதன்மேல் நடந்தார்கள், கழுதைகளை ஓட்டினார்கள். பாலம் எதுவும் தேவைப்படவில்லை.

பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை. ‘நகரம்’ என்ற பொருள்கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது சிவித்தா. பான்யோரேஜோ என்றால் அரசனின் நீராடுமிடம். லொம்பார்டு மன்னன் தெசிதேரியுஸ் இங்கிருந்த வெந்நீர் ஊற்றில் குளித்து நோய் தீர்ந்தான் என்பது ஊர்க்கதை. பேச்சுவழக்கில் தேய்ந்து ‘பான்யோரேயா’ என்று ஆகி, 1922 வரை அப்படியே அழைக்கப்பட்டு, பிறகு பழைய வடிவத்துக்குத் திரும்பியது.

முதலில் குடியேறியவர்கள் யார்? ஏன் இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்?

எட்ருஸ்கர்கள். ரோமானியருக்கு முன்னால் நடு இத்தாலியை ஆண்ட மக்கள். இங்கே அவர்கள் ஊர் அமைத்து 2,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பாறைக்குள் அவர்கள் குடைந்த கல்லறை அறைகள் இன்னும் இருக்கின்றன. பிற்காலத்தார் அவற்றையே கொட்டகையாகவும் மது வைக்கும் நிலவறையாகவும் புறாக்கூடாகவும் பயன்படுத்திக்கொண்டார்கள். ஊரின் அடிவயிற்றில் ‘புகாயோனே’ என்ற சுரங்கவழி ஒன்று பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. அதுவும் எட்ருஸ்கர் காலத்தது என்றே சொல்கிறார்கள்.

பாறை உச்சியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது: பாதுகாப்பு. செங்குத்தான பாறை இருந்தால் மதில் கட்டும் வேலை பாதி மிச்சம். கீழே பள்ளத்தாக்கின் ஈரமும் கொசுவும் மேலே எட்டாது. டைபர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் போல்சேனா ஏரிக்கும் நடுவில் இருப்பதால் வணிகப் பாதையும் பக்கம். நடு இத்தாலி முழுக்க ஊர்கள் மலைமேல் உட்கார்ந்திருப்பது இதே காரணங்களுக்காகத்தான்.

இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். இந்தக் கல் வெட்டுவதற்கு அவ்வளவு இசைவானது. இரும்புக் கருவி இருந்தால் போதும். அறை வேண்டுமா, கிணறு வேண்டுமா, தொட்டி வேண்டுமா, குடைந்துகொள்ளலாம். வெட்டிய கல்லே வீட்டுச் சுவர் ஆகும். பாறைக்கு மேலே ஓர் ஊர், பாறைக்குள்ளே இன்னோர் ஊர் என்று எட்ருஸ்கர் வாழ்ந்தார்கள். பின்னால் வந்தவர்களும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

பாறை ஏன் சரிகிறது? அடியில் என்னதான் இருக்கிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். மண்ணைப் புரிந்துகொள்ளாமல் இந்த ஊரின் எந்த நூற்றாண்டும் புரியாது.

அடியில் இருப்பது கடல் களிமண். பத்து லட்சம் ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தப் பகுதி கடலுக்கு அடியில் கிடந்தது. அப்போது படிந்த சாம்பல்நீல வண்டல்தான் இன்று பள்ளத்தாக்கில் பார்க்கும் களிமண். அதில் கடல்சிப்பி ஓடுகள் இன்றும் கிடைக்கும்.

அந்தக் களிமண்ணின் மேல் எரிமலை தன் பங்கைக் கொட்டியது. மேற்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் போல்சேனா, ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிமலை ஏரி. அந்த ஏரியைச் சுற்றியிருக்கும் வுல்சினி என்ற எரிமலைத் தொகுதி பலமுறை வெடித்துச் சாம்பலையும் நுரைக்கல்லையும் வீசியது. அந்த வெடிப்புகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று சுமார் 3,30,000 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கொதிக்கும் சாம்பல் வெள்ளமாக ஓடிவந்து இங்கே தங்கி இறுகிக் கல்லானது. அந்தக் கல்லை இத்தாலியர் ‘தூஃபோ’ என்கிறார்கள். பக்கத்து ஊரான ஓர்வியேத்தோவும் அதே சாம்பல் வெள்ளம் இறுகிய கல்லின் மேல்தான் நிற்கிறது.

ஆக, மேலே கெட்டி, கீழே இளக்கம். ஊரின் இரு பக்கமும் இரண்டு ஓடைகள் ஓடுகின்றன. ஒன்றின் பெயர் ரியோ கியாரோ, தெளிந்த ஓடை. மற்றது ரியோ தோர்பிதோ, கலங்கல் ஓடை. கலங்கல் என்று பெயர் வந்தது அது சுமந்து போகும் களிமண்ணால். மழை பெய்தால் ஓடைகள் அடிவாரத்தை அரிக்கும். களிமண் நனைந்து உப்பும், கோடையில் காய்ந்து கரிசல் நிலம் போல வெடிக்கும், அடுத்த மழையில் அந்த வெடிப்பு வழியாகவே வழிந்து இறங்கும். கீழே களிமண் நழுவியதும் மேலே இருக்கும் கல்லுக்குத் தாங்கல் போய்விடுகிறது. கல்லில் மேலிருந்து கீழாக விரிசல் விழுகிறது. விரிசலுக்கு வெளியே நிற்கும் பாளம், வீட்டோடு தோட்டத்தோடு, ஒருநாள் பள்ளத்தில் போய் விழுகிறது.

பாலத்தின் மேல் நின்று பார்த்தால் எதிரே கத்தி முனை போன்ற வெளுத்த களிமண் முகடுகள் வரிசையாகத் தெரியும். அவற்றுக்குக் ‘கலான்கி’ என்று பெயர். புல்கூட ஒட்டிப் பிடிக்க முடியாத சரிவு. சிவித்தாவையும் ரோத்தாவையும் இணைத்த முகடும் ஒரு காலத்தில் இதே மண்ணாகத்தான் இருந்தது.

மனிதர்களும் இதில் கை கொடுத்தார்கள். கல் வெட்டினார்கள், குகை குடைந்தார்கள், பள்ளத்தாக்கின் மரங்களை வெட்டி உழுதார்கள். ஆனால் முதன்மைக் காரணம் நிலத்தின் அமைப்புதான். மக்கள் எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் ஓடைகள் அரித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.

ரோமானியர் காலத்திலும் அதற்குப் பிறகும் என்ன நடந்தது?

கி.மு. 264-இல் இந்தப் பகுதியின் பெரிய எட்ருஸ்க நகரமான வெல்ஸ்னாவை ரோமானியர் அழித்து, மக்களைப் போல்சேனா ஏரிக்கரைக்குக் குடிமாற்றினார்கள். அதன்பின் சுற்றுவட்டாரம் முழுக்க ரோமின் கைக்குள் போனது. ரோமப் பேரரசு விழுந்த பிறகு கோத்தர்கள், பைசாந்தியர், லொம்பார்டுகள் என்று ஒருவர் மாற்றி ஒருவர் ஆண்டார்கள். 6ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கே ஓர் ஆயர் இருந்தார். இடைக்காலத்தில் ஊர் தன்னாட்சி பெற்ற நகரமாகி, பின்னர் திருத்தந்தையின் (போப்பின்) அரசுக்குள் அடங்கியது. அந்த அரசு முடிவுக்கு வந்து ரோம் இத்தாலியோடு இணைந்தது 1870-இல்.

நுழைவாயிலில் இருக்கும் சிங்கங்கள் எதைக் குறிக்கின்றன?

ஊருக்குள் நுழையும் வழிக்குச் சாந்தா மரியா வாசல் என்று பெயர். பாறையையே குடைந்த வழி. முதலில் வெட்டியவர்கள் எட்ருஸ்கர்கள். இடைக்காலத்தில் அதன்மேல் வளைவு கட்டிச் சிற்பம் வைத்தார்கள். அங்கே இரண்டு கல் சிங்கங்கள் மனிதத் தலைகளைக் காலடியில் பிடித்திருக்கின்றன. அந்தத் தலைகள் மொனால்தெஸ்கி குடும்பத்தாருடையவை என்பது ஊரார் சொல்லும் விளக்கம். ஓர்வியேத்தோவைச் சேர்ந்த அந்தக் குடும்பம் இந்தப் பகுதியையும் அடக்கி ஆண்டது. 15ஆம் நூற்றாண்டில் மக்கள் திரண்டு அவர்களை விரட்டினார்கள். வாசலில் நுழையும் ஒவ்வொருவர் கண்ணிலும் அது பட வேண்டும் என்று வைத்தார்கள் போலிருக்கிறது.

அந்த வழியில் நடக்கும்போது சுவரைத் தொட்டுப் பாருங்கள். செம்மஞ்சள் நிறக் கல், சொரசொரப்பு. நகத்தால் கீறினால் பொடி உதிரும். உள்ளே வெளிறிய நுரைக்கல் துண்டுகள் அவல் போலப் பதிந்திருக்கும். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகத் தோள்களும் கழுதைச் சுமைகளும் உரசிய இடங்கள் வழவழப்பாகிவிட்டன.

புனித பொனவெந்தூரா இந்த ஊர்க்காரரா?

ஆமாம். இந்த ஊர் உலகத்துக்குக் கொடுத்த மிகப் பெரிய பெயர் அவருடையது. இயற்பெயர் ஜொவான்னி தி ஃபிதான்சா. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தார். பாரிசில் படித்து அங்கேயே பேராசிரியரானார். 1257-இல் பிரான்சிஸ்கன் துறவியர் சபையின் தலைவர். 1273-இல் கர்தினால். 1274 ஜூலை 15 அன்று, பிரான்சின் லியோன் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் நடந்துகொண்டிருந்தபோதே அங்கே இறந்தார். 1482-இல் திருத்தந்தை நான்காம் சிக்ஸ்துஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். 1588-இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் திருச்சபையின் மறைவல்லுநர் பட்டம் அளித்தார்.

சிறுபிள்ளையாக இருந்தபோது அவருக்குக் கடும் நோய். தாய் அசிசியின் புனித பிரான்சிசிடம் வேண்டிக்கொள்ள, பிள்ளை பிழைத்தது. அதைப் பார்த்துப் பிரான்சிஸ் ‘ஆகா, நல்ல பேறு!’ என்று வியந்தார். பொனவெந்தூரா என்ற பெயருக்கு அதுதான் பொருள். பிரான்சிஸ் அப்படி வியந்தார் என்பது மரபுக்கதை. ஆனால் தாயின் வேண்டுதலால் பிழைத்தேன் என்பதை பொனவெந்தூராவே எழுதிவைத்திருக்கிறார். அந்த அதிசயம் நடந்த இடம் என்று சிவித்தாவுக்கு எதிரே ஒரு குகையைக் காட்டுகிறார்கள். அது முதலில் எட்ருஸ்கர் குடைந்த கல்லறை.

அவர் பிறந்த வீடு என்ன ஆயிற்று என்றுதான் அடுத்துக் கேட்பீர்கள். பள்ளத்தில் விழுந்துவிட்டது. பாறையின் விளிம்பில் ஒரு துண்டுச் சுவரும் கல்வெட்டும் மட்டும் மிச்சம். லியோனில் இருந்த அவருடைய உடலின் எச்சங்களும் 1562-இல் மதச்சண்டையில் அழிந்தன. அதற்கு முன்பே சொந்த ஊருக்குக் கொண்டுவரப்பட்டிருந்த கையெலும்பு, வெள்ளிப் பேழையில், பான்யோரேஜோவின் பேராலயத்தில் பத்திரமாக இருக்கிறது.

ஊர் காலியாகத் தொடங்கியது எப்போது?

1695 ஜூன் மாதம். அந்த மாதம் வந்த நிலநடுக்கம் பான்யோரேஜோ சுற்றுவட்டாரத்தையே உலுக்கியது. வீடுகள் இடிந்தன. ஆனால் வீடுகளை விடப் பெரிய இழப்பு ஒன்று நடந்தது: சிவித்தாவையும் ரோத்தாவையும் இணைத்த முகட்டுப் பாதை சிதைந்தது.

இதைத்தான் முதலிலேயே சொன்னேன். இடிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர் அது. ஆனால் வயலும் திராட்சைத் தோட்டமும் வெளியே இருக்க, சந்தை வெளியே இருக்க, போகும் வழி மழைக்கு மழை சரிந்தால் எப்படிக் குடியிருப்பது? விளைச்சலை ஏற்றிய கழுதை தவறி விழும் பாதையில் எத்தனை காலம் போக முடியும்? ஆயர் முதலில் கிளம்பினார். சில ஆண்டுகளில் அவருடைய பேராலயம் என்ற தகுதி சிவித்தாவின் சான் தொனாத்தோ ஆலயத்தை விட்டு ரோத்தாவில் இருந்த சான் நிக்கோலா ஆலயத்துக்குப் போனது. நகர நிர்வாகமும் பின்தொடர்ந்தது. ஆயரும் அதிகாரிகளும் போன பிறகு வசதியான குடும்பங்களுக்கு அங்கே என்ன வேலை?

1764-இல் மீண்டும் ஒரு நிலநடுக்கம். பாதைக்கு மீண்டும் அடி. அதன் பிறகு முகடு ஆண்டுக்கு ஆண்டு இளைத்தது. வேலை தேடிப் போகக்கூடியவர்கள் போனார்கள். நிலத்தை நம்பி வாழ்ந்த ஏழைக் குடியானவர்கள் தங்கினார்கள். மாளிகைகளின் தரைத்தளம் கழுதைத் தொழுவமானது. ஒரே நாளில் ஊரைக் காலிசெய்த பேரழிவு எதுவும் இங்கே நடக்கவில்லை. கிட்டத்தட்ட இருநூற்று ஐம்பது ஆண்டுகள், ஒவ்வொரு குடும்பமாக, அந்தத் தேய்ந்த முகட்டின் வழியே இறங்கிப் போயிருக்கிறார்கள்.

‘சாகும் ஊர்’ என்ற பெயர் எப்படி வந்தது?

பொனவெந்தூரா தெக்கி என்ற எழுத்தாளர் வைத்த பெயர். 1896-இல் பான்யோரேஜோவில் பிறந்தவர், ஜெர்மன் இலக்கிய அறிஞர், 1968-இல் இறந்தார். சிறுவயதில் இந்தப் பாறையைப் பார்த்து வளர்ந்தவர் அவர். சொந்த ஊர்க்காரரின் வருத்தத்திலிருந்து பிறந்த சொல் இன்று சுற்றுலாப் பலகைகளில் தொங்குகிறது. எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. நான் போன நாளில் ஒரு மூதாட்டி வாசல்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் நாலு பூனைகள், மண்தொட்டிகளில் ஜெரேனியம். அவர் காதுபட ‘சாகும் ஊர்’ என்று ஒரு வழிகாட்டி உரக்கச் சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கூச்சமாக இருந்தது.

இப்போதிருக்கும் பாலம் எப்போது கட்டியது?

1965-இல். முகடு தாழ்ந்து போனதும் அதற்கு முன்பே ஒரு பாலம் கட்டியிருந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அதைத் தகர்த்தது.  பிறகுதான் இன்றைய கான்கிரீட் நடைபாலம். ஏறக்குறைய 300 மீட்டர் நீளம், கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். முழங்கால் வலி உள்ளவர்கள் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போக வேண்டும். கார் போக முடியாது. குடியிருப்பவர்களும் உணவகக்காரர்களும் சிறு மோட்டார் வண்டிகளில் சாமான் கொண்டுபோகிறார்கள். அதற்கு முன் எல்லாச் சுமையும் கழுதை முதுகில்தான்.

காற்று வீசும் நாளில் பாலத்தின் கைப்பிடியை விடாமல் நடந்தது நினைவிருக்கிறது. கீழே பார்த்தால் பாலத்தின் தூண்கள் நிற்கும் மண்ணில், பழைய முகட்டின் முதுகெலும்பு போல ஒரு மண்மேடு தெரியும். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஆட்கள் நடந்தது அதற்கும் மேலே எங்கோ ஓர் உயரத்தில். இப்போது அங்கே வெறும் காற்று.

பாழடைந்த வீடுகளை யார் மீட்டார்கள்?

1960-களிலிருந்து ரோமிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்கள் விலைகொடுத்து வாங்கிச் செப்பனிட்டார்கள். அவர்களில் தனியாகச் சொல்ல வேண்டியவர் ஆஸ்திரா சரீனா. லாத்வியாவில் பிறந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர். வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை. இடிந்த வீடுகளை வாங்கி, அதே கல்லையும் அதே கூரை ஓடுகளையும் கொண்டு மீட்டுக் கட்டினார். 1970-களில் தன் மாணவர்களை இங்கேயே கூட்டிவந்து தங்கவைத்து, மலையூர்கள் எப்படிக் கட்டப்பட்டன என்று சொல்லிக்கொடுத்தார். 2008-இல் இறந்தார். தண்ணீர் எங்கே சேர்த்தார்கள், அடுப்பு எங்கே வைத்தார்கள், மாடிப்படி ஏன் வீட்டுக்கு வெளியே இருக்கிறது என்று அங்கேயே வாழ்ந்து கற்றுக்கொண்ட ஒரு தலைமுறை அவரால் உருவானது.

உள்ளே போகப் பணம் கட்ட வேண்டுமாமே?

ஆம். 2013-இல் 1.50 யூரோவில் தொடங்கினார்கள். ஓர் ஊருக்குள் நுழையவே சீட்டு வாங்கும் வழக்கம் இத்தாலியில் இங்கேதான் முதலில் வந்தது. சில ஆண்டுகளில் 5 யூரோ வரை உயர்ந்தது. முதலில் கேட்கும்போது எனக்கும் உறுத்தியது. ஊர் என்ன பொருட்காட்சியா என்று. கணக்கைப் பார்த்தபின் மனம் மாறியது. 2010 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் வந்த இடத்துக்கு, பத்தாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய பத்து லட்சம் பேர் வரத் தொடங்கினார்கள். அந்த வருமானத்தால் பான்யோரேஜோ நகராட்சி தன் மக்களிடம் வாங்கிய உள்ளூர் வரிகளை நீக்கியது. மூடிக் கிடந்த கடைகள் திறந்தன. வெளியூர் போன இளைஞர்கள் சிலருக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்தது.

குறையும் உண்டு. ஞாயிறு நண்பகலில் சதுக்கத்தில் கால் வைக்க இடமிருக்காது. வீடுகளில் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. குடியிருப்பவர் எண்ணிக்கை கூடவில்லை. போவதானால் வாரநாளில், காலை எட்டு மணிக்கு முன்னால் போங்கள்.

சரிவைத் தடுக்க என்ன செய்கிறார்கள்?

மூன்று வேலை. பாறைமுகத்தில் துளையிட்டு எஃகுக் கம்பிகளைச் செலுத்தி, விரிசலுக்கு வெளியே நிற்கும் பாளத்தை உள்ளே இருக்கும் பாறையோடு தைக்கிறார்கள். மழைநீர் கல்லுக்குள் இறங்காதபடி வடிகால் அமைக்கிறார்கள். கீழே ஓடைகளில் சிறு தடுப்பணைகள் கட்டி, அடிவாரம் அரிபடும் வேகத்தைக் குறைக்கிறார்கள். வடக்குப் பாறைமுகம்தான் அதிகத் தொல்லை தருகிறது.

உலக நினைவுச்சின்ன நிதியம் 2006-இல் வெளியிட்ட, ஆபத்திலுள்ள 100 இடங்களின் பட்டியலில் சிவித்தாவும் இடம்பெற்றது. ஊருக்குள்ளேயே அலெமான்னி மாளிகையில் நிலவியலுக்கும் நிலச்சரிவுக்கும் ஓர் அருங்காட்சியகம் 2012-இல் தொடங்கினார்கள். சிறியதுதான், ஆனால் நீங்கள் நிற்கும் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மாதிரிகளோடு விளக்கும் இடம் அது. பலரும் படம் எடுத்துவிட்டு இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நேரம் குறைவு. எதைப் பார்க்காமல் வரக்கூடாது?

வாசலைத் தாண்டியதும் ஒரு மாளிகையின் முகப்பு நிற்கும். மறுமலர்ச்சிக் காலத்துச் சன்னல்கள், அழகான கல்வேலைப்பாடு. சன்னல் வழியே பாருங்கள். அறை இருக்காது, கூரை இருக்காது, நீலவானம் தெரியும். பின்பக்கம் முழுவதும் பள்ளத்தில் போய்விட்டது. முன்சுவர் மட்டும் தெருவைப் பார்த்தபடி நிற்கிறது. இந்த ஊரைப் பற்றி நான் படித்த எதையும் விட அந்தச் சன்னல் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

அடுத்து, சான் தொனாத்தோ சதுக்கம். கல் பாவாமல் சரளை மண்ணாகவே விட்டிருக்கிறார்கள். ஆலயத்தின் முன்னால் பழங்காலத் தூண்களின் அடித்துண்டுகள் நிற்கின்றன. மணிக்கூண்டின் அடியில் எட்ருஸ்கர் காலத்துக் கல் சவப்பெட்டிகள். பாறைக்குள் குடைந்த பழைய எண்ணெய் ஆலை ஒன்றில் ஆலிவ் அரைத்த பெரிய கல்லுருளையை இன்னும் வைத்திருக்கிறார்கள். கரியடுப்பில் சுட்ட ரொட்டியில் பூண்டு தேய்த்து, உள்ளூர் ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். அதை உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஊரில் விழா உண்டா?

கழுதைப் பந்தயம் ஒன்று உண்டு. ‘தொன்னா’ என்று பெயர். ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறும் அந்தச் சரளைச் சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார்கள். மக்கள் சுற்றிலும் படிகளில் நின்று கத்துவார்கள். சுமை தூக்கிய கழுதைகளுக்கு வேலை போனாலும் அவற்றின் இடம் போகவில்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் ஊரையே பெத்லகேமாக மாற்றி உயிருள்ள குடில் அமைப்பார்கள்.

எனக்கு நெருக்கமானது பெரிய வெள்ளி. சான் தொனாத்தோவில் மரத்தால் செய்த ஒரு பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் சிலை) இருக்கிறது, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1499-இல் கொள்ளைநோய் வந்தபோது, நாள்தோறும் வந்து வேண்டிய ஒரு பெண்ணிடம் அந்தச் சுரூபம் பேசியது, நோய் நீங்கும் என்று ஆறுதல் சொன்னது என்பது ஊர் நம்பிக்கை. பெரிய வெள்ளியன்று சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, பாடையில் கிடத்தி, பாலம் தாண்டிப் பான்யோரேஜோவுக்குத் தூக்கிப்போகிறார்கள். அங்கே ஊர்வலம். நள்ளிரவுக்குள் அது சிவித்தாவுக்குத் திரும்பிவிட வேண்டும். தவறினால் பான்யோரேஜோவுக்கே சொந்தமாகிவிடும் என்பது வழக்கம். ஆயர் போனார், பேராலயத் தகுதி போனது, நகராட்சி போனது. இதை மட்டும் விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை. அதனால் ஊர்வலம் முடிந்ததும் தூக்குகிறவர்கள் நின்று பேசுவதில்லை. இருட்டில் விளக்குகளோடு அந்த ஏற்றத்தில் ஏறி, சிங்கங்களுக்குக் கீழே குனிந்து நுழைந்து, மணி பன்னிரண்டு அடிப்பதற்குள் சான் தொனாத்தோவில் கொண்டுபோய் வைக்கிறார்கள்.